வசதியோ என்று கேட்ட அண்ணை

எங்கள் அண்ணை எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. சாவகச்சேரியில் மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்து, இளவயதில் தனியாக லண்டன் வந்து, ஒற்றை அறையில் ஐந்து பேரோடு படுத்தெழும்பி, தன் தம்பியான சின்னண்ணையையும் என்னையும் ஒவ்வொருவராக இங்கே கூப்பிட்டெடுத்தவர். எங்களைக் கரைசேர்க்கும் அவசரத்தில் தன் கலியாணத்தையே மறந்துவிட்டார். சின்னண்ணை கனடாவுக்குப் போனபின் இந்த நகரத்தில் அவருக்கு இரத்த உறவென்று இருந்தவள் நான் ஒருத்திதான். அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று எனக்கே தெரியவில்லை.

விமான நிலையத்தில் நடக்க முடியாத பயணிகளை வீல்செயாரில் வைத்துத் தள்ளிச் செல்வது அவருடைய வேலை. சேர்ந்த முதல் கிழமை மேலாளர் அவரைப் பார்த்து “ஹவ் ஆர் யூ?” என்று கேட்டாராம். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை என்று அண்ணை தன் பல்லுவலி, ஊரிலிருந்து கடிதம் வராதது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் மனிதர் நடைபாதையின் அந்தக் கடைசித் தொங்கலில் போய்க்கொண்டிருக்கிறார்!

“அவங்கள் சும்மா கேக்கிறது பிள்ளை. ‘பைன், தாங்க் யூ’ எண்டு சொல்லிப்போட்டுப் போகவேணும்” என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு அந்த ஆங்கில நயத்தில் அவரை வெல்ல ஆளில்லை. பயணிகள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அது வேலைத்தலத்தோடு நின்றிருக்கலாம். அதை எங்கள் இருவருக்கும் நடுவே கொண்டுவந்தவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பையில் முருங்கைக்காய், இன்னொன்றில் ரோல்ஸ். உள்ளே என் கணவரோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் விருந்துக்கு வந்திருந்தார்கள். கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, “வரமுன்னம் ஒரு போன் அடிச்சிருக்கலாமே அண்ணை. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தானே” என்றேன்.

“ஸொறி பிள்ளை. பக்கத்தாலை வந்தனான், அதுதான்” என்று பைகளைத் தந்துவிட்டுத் திரும்பிவிட்டார். லண்டனின் தெற்கே மிச்சம் என்ற ஊரில் இருந்த தன் வீட்டிலிருந்து ட்ராமும் இரண்டு ரயிலும் ஏறி வந்த மனிதருக்கு நான் இருக்கும் ரெய்னர்ஸ் லேன் எந்தப் பக்கம்? நான் கூப்பிட்டு நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு கேளாமல் அவர் வந்ததேயில்லை. “ஞாயிறு வரட்டோ பிள்ளை? வசதியோ? ஏலாட்டிப் பரவாயில்லை” என்பார். கூடப்பிறந்தவளிடம் வசதி கேட்கிறாரே என்று எனக்கு உறைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை, கணவருக்கு ஷிப்ட் என்று ஏதோ ஒன்று. “அடுத்த கிழமை கட்டாயம் வாங்கோ அண்ணை” என்பேன். மெல்ல மெல்ல அவர் கேட்பதையும் விட்டுவிட்டார்.

கடைசி வருடம் “எப்பிடி அண்ணை?” என்று போனில் கேட்கும் போதெல்லாம் “நொட் டூ பாட்”, அவ்வளவு மோசமில்லை, என்றார். நல்லதாய்ப் போயிற்று என்று நானும் போனை வைத்துவிடுவேன். அவர் வயிற்று நோயைக் கண்டுபிடித்து ஆம்புலன்ஸை அழைத்தது பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மா. அண்ணை போனில் சொன்னதை நான் சொன்னபோது, “எங்கள் ஆட்கள் ‘நொட் டூ பாட்’ என்றால் முகத்தைப் பார்க்க வேண்டும்” என்று வார்டில் வைத்து என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வருமுன் நான் அண்ணையின் முகத்தைப் பார்த்து ஏழு மாதம்.

ஒரு பின்னேரம் கண்விழித்து, “உனக்குக் கரைச்சல் தந்திட்டன் பிள்ளை. வீட்டை போ” என்றார். “ஒரு கரைச்சலும் தொந்தரவும் இல்லை, பேசாமல் படுங்கோ” என்று அழுதுகொண்டே அதட்டினேன். மறுநாள் காலையில் காலமானார்.

அந்த அம்மாவுக்கும், பரிவோடு பார்த்த தாதியருக்கும், ஓடி வந்த சின்னண்ணை குடும்பத்துக்கும், கிரியைகளில் தோள்கொடுத்த அனைவருக்கும் நன்றி. செத்தவீட்டன்று உங்களில் பலர் என் கையைப் பிடித்து, “ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ” என்றீர்கள். நானும் தலையாட்டினேன். ஒரு வருடமாக நான் சொல்லவுமில்லை, நீங்கள் கேட்கவுமில்லை.

இப்போது சொல்கிறேன். பிள்ளைகள் வேறு நகரங்களில் இருக்கிறார்கள். கணவர் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நான் தனிய. எனக்குத் தேவை இருக்கிறது. வாருங்கள்.

தங்கை,
ரெய்னர்ஸ் லேன்