கயிறு அளந்து வாங்கிய பூட்டு

கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்து ஊர் மறுபடி ஓட ஆரம்பித்த சமயம். தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள். என் கணவர் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் திரும்பி வர நாளாகும். வீட்டில் சும்மா நின்ற அவருடைய மோட்டார் சைக்கிளை ஓட்டக் கற்றுக்கொண்டேன். பின்னால் ஒரு பெட்டியைக் கட்டி, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்து, மணலியிலும் மீஞ்சூரிலும் வீடு வீடாகக் கொடுக்க ஆரம்பித்தேன். சிக்னலில் நிற்கும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே என்று இருக்கும்.

ஒரே ஒரு பயம்தான். துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குள் வண்டி போகாது. ஐஸ் உடைக்கும் கொட்டகைப் பக்கம் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். வாங்கி முடித்து வெளியே வரும்வரை வண்டி என் கண்ணில் படாது. அது போய்விட்டால் அன்றோடு என் தொழிலும் போச்சு. அதற்கு முந்தைய வருடம்தான் என் தம்பியின் வண்டி திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் காணாமல் போயிருந்தது. ஹேண்டில் லாக் போட்டுத்தான் நிறுத்தியிருந்தான். கேமராவில் பார்த்தால், இரண்டு பேர் அதை அப்படியே தூக்கி குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவு சுலபமாக!

அதனால் தனியாக ஒரு பூட்டு வாங்குவது என்று முடிவு செய்து, வண்ணாரப்பேட்டையில் வண்டி சாமான் விற்கும் ஒரு பாய் கடைக்குப் போனேன். அவர் முதலில் எடுத்து வைத்தது டிஸ்க் லாக். முன்சக்கரத்தில் மாட்டுவது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

"எல்லாரும் இத்தத்தான்மா வாங்கினு போறாங்க. பையில போட்டுக்கலாம், வெயிட்டே இல்ல."

"சக்கரம் சுத்தாது, சரி பாய். வண்டியையே தூக்கினு போனா?"

அவர் சிரித்துவிட்டார். "நீ உஷாரு கீறே" என்று சொல்லிக்கொண்டே யு வடிவப் பூட்டு ஒன்றை எடுத்தார். நல்ல கெட்டியான இரும்பு. ஆனால் நான் கையோடு ஒரு நைலான் கயிறு கொண்டு போயிருந்தேன். கொட்டகை அருகில் உள்ள இரும்புக் கம்பம், வண்டியின் பின்சக்கரம், அதோடு வண்டிச் சட்டம் மூன்றையும் சேர்த்துச் சுற்றி, முந்தின நாளே அளந்து வெட்டிய கயிறு. யு பூட்டு அந்தக் கம்பத்தைச் சுற்றி வராது. செயின் லாக்கில் முதலில் காட்டியது நீளம் பத்தவில்லை. இன்னொன்று தேவைக்கு மேல் நீளம், தரையில் கிடக்கும். தரையில் வைத்துச் சுத்தியால் அடித்தால் எந்தச் சங்கிலி தாங்கும்?

கடைசியில் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். விரல் தடிமன் கண்ணிகள், பெயின்ட் உரசாமல் இருக்க மேலே துணி உறை, உப்புக்காற்று போகாதபடி சாவித் துவாரத்துக்கு ரப்பர் மூடி. கயிற்றோடு வைத்துப் பார்த்தேன். கச்சிதம். கனம்தான் கையை இழுத்தது. போகட்டும், தூக்கப்போவது வண்டிதானே என்று வாங்கிவிட்டேன். வீட்டில் அதைப் பார்த்த என் கணவர், "இன்னாமே, கப்பலை நிறுத்தப் போறியா?" என்று சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காசிமேட்டில் கால் வைக்க இடமில்லை. வழக்கம்போல வண்டியைக் கம்பத்தோடு பூட்டிவிட்டு ஏலத்துக்குப் போனேன். வஞ்சிரத்துக்கு விலை பேசி முடிக்கும்போது கொட்டகைப் பக்கம் ஒரே கூச்சல். மீனை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

நடந்ததை, கொட்டகை ஓரம் உட்கார்ந்து இறால் விற்கும் ஒரு அக்கா பிறகு சொன்னார். இரண்டு பேர் வந்து வண்டியைத் தூக்கப் பார்த்திருக்கிறார்கள். சங்கிலி விடவில்லை. உடனே ஒருத்தன் ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்திருக்கிறான். பட்டப்பகலில், அத்தனை கூட்டத்தில், சொந்த வண்டி போல! அறுத்துக்கொண்டே இருக்கவும் அக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

"இன்னாப்பா, யார் வண்டி இது?"

"என்துதாம்மா. சாவி தொலைஞ்சிபூச்சு."

"உன்துதானா? அப்போ பின்னாடி பொட்டில இன்னா கீது, சொல்லு?"

"சாப்பாடு."

"சாப்பாடா? மீன் கவுச்சி மூக்கைத் துளைக்குது, சாப்பாடுன்றே? எங்க பொண்ணு வண்டிடா அது!"

அவர் போட்ட சத்தத்தில் சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் கையில் மீன் வெட்டும் கத்தி வேறு. ரம்பத்தைப் போட்டுவிட்டு இருவரும் கூட்டத்துக்குள் புகுந்து ஓடியே விட்டார்கள்.

நான் போனபோது வண்டி கம்பத்தில் சாய்ந்து நின்றது. ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. துணி உறை கிழிந்து, ஒரு கண்ணியில் பாதி ஆழத்துக்கு வெட்டு. கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் அறுத்திருப்பார்கள். அந்த அக்கா என் கையைப் பிடித்து ஒரு கூடைமேல் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு அந்தச் சங்கிலியைத் தூக்கிப் பார்த்து, "எங்க வாங்கின இத்த? என் பொண்ணுக்கும் வண்டி எடுக்கப் போறேன். நீயே வந்து பாத்து வாங்கிக் குடு" என்றார். அதற்குள் இன்னும் சிலர் கேட்க, அடுத்த வாரம் ஒரு கூட்டமாகவே பாய் கடைக்குப் போனோம். எல்லோரும் அவரவர் வண்டி நிறுத்தும் இடத்தில் அளந்து வெட்டிய கயிற்றோடு வந்திருந்தார்கள். பாய் கைகளை விரித்து, "நான் இன்னாத்துக்கு இங்க? நீயே காட்டும்மா" என்று கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எந்தப் பூட்டும் கொஞ்ச நேரத்தைத்தான் வாங்கித் தரும் என்று இப்போது தெரிகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தை நானே யோசித்துச் சம்பாதித்தேன், அதற்குள் "எங்க பொண்ணு வண்டி" என்று குரல் கொடுக்க எனக்கு ஆட்கள் இருந்தார்கள். இதை நினைக்கும் போதெல்லாம் வண்டியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.