இமையில் வந்த கட்டி

என் வலது கண் இமையில் மிளகு அளவில் மஞ்சளாய் ஒரு கட்டி வந்தது. எழுபதுகளின் கடைசி. அப்போது நான் இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் பரு என்றார்கள். பதுளையில் வெட்டி எடுத்தார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி முளைத்தது! மூக்கோரத்திலும் ஒன்று.

"ஆண்டவரே, இதை எடுத்துப்போடும்" என்று தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் அறையில் முழங்காலில் நின்று அழுதேன். கட்டி பெருத்துக்கொண்டே போனது. என் ஜெபம் அவர் காதில் விழவில்லை என்றே நினைத்தேன்.

என் கணவர் செல்வராஜ் விடவில்லை. பஸ் ஏற்றி மறுபடி பதுளைக்குக் கூட்டிப்போனார். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா கட்டியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி கட்டியைப் பற்றியே இல்லை.

"அப்பா இருக்காரா?"

"இல்லீங்க. குடல்ல கட்டி வந்து செத்துட்டாரு. அண்ணனும் அதே மாதிரிதாங்க. நாப்பது வயசுகூட ஆகல."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டார்.

"இது பரு இல்லம்மா. தோல்ல எண்ணெய் சுரக்கிற சுரப்பியில வர்ற அபூர்வமான கட்டி. இது வர்ற சில குடும்பங்கள்ல குடல் கேன்சர் பரம்பரையா வருது. நோவு இல்லாட்டியும் உங்க குடலப் பாத்தே ஆகணும்."

கண்டிக்கு அனுப்பினார். குடலுக்குள் மருந்து ஏற்றிப் படம் பிடித்தார்கள். அங்கே புற்று இருந்தது! ஆனால் சின்னதாக, எங்கும் பரவாமல் இருந்தது. அறுத்து எடுத்துவிட்டார்கள்.

கட்டிலில் படுத்தபடியே வாய்விட்டுத் துதித்தேன். எடுத்துப்போடும் என்று நான் கெஞ்சிய கட்டியைக்கொண்டே கர்த்தர் என்னைக் காப்பாற்றினார்! அது முதல் தடவையே மறைந்திருந்தால், அப்பாவும் அண்ணனும் போன வழியில் நானும் போயிருப்பேன்.

உடம்பு தேறியதும், வெலிமடையில் மரக்கறி லொறி ஓட்டும் தம்பி சாமுவேலிடம் ஓடினேன்.

"எனக்குத்தான் மொகத்துல ஒண்ணுமில்லியே அக்கா."

"அண்ணன் மொகத்துலயும் ஒண்ணுமில்லடா. கெளம்பு!"

அவனுடைய குடலிலும் ஒரு சதை வளர்ந்திருந்தது. புற்றாக மாறுமுன்னே எடுத்துவிட்டார்கள். ஸ்தோத்திரம்!

அன்பானவர்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். பதில் நாம் நினைக்காத வழியிலும் வரும். உடம்பில் புதிதாக ஏதாவது தெரிந்தால் ஜெபியுங்கள், எழுந்து ஆஸ்பத்திரிக்கும் போங்கள். இரண்டிலும் அவர் கூடவே வருகிறார்.

வருகிற ஞாயிறு சாமுவேலின் பேத்திக்கு ஞானஸ்நானம். அவளைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கப்போவது நான்தான்!