வேலுச்சாமி சாரும், ஜானியும், ஒரு சட்டி மண்ணும்

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வேலுச்சாமி சார் நேற்று அதிகாலை இறந்துவிட்டார்.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் பக்கத்து வீடு. லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதுதான் வழக்கம்... எனக்கு அது சரிப்படாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அவருக்கும் எனக்கும் ஏழெட்டு வருடச் சண்டை. காரணம் ஜானி. செவலை நிறம், நாட்டு நாய். குட்டியாகத் தூக்கி வந்ததிலிருந்து தினமும் காலையில் சங்கிலியைப் பிடித்து வெளியே கூட்டி வருவார். அது நேராக வந்து உட்காருவது என் வீட்டு கேட் ஓரத்தில்.

என் மனைவி வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இத்தனைக்கும் அவர் வீட்டைச் சுற்றி அருமையான தோட்டம். செம்பருத்தி, நந்தியாவட்டை, கொய்யா... கால் வைக்கவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு சுத்தம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சார், உங்க வீட்லயே இம்புட்டு எடம் கெடக்கே. அங்கனயே விட்டா என்ன?"

"அங்கன சாமிக்குப் பூப் பறிக்கிறோம்ல தம்பி. அதுல போயி விடச் சொல்றீகளே?"

"அப்ப எங்க வாசல்ல போடுற கோலம் யாருக்கு?"

"நீங்கதான் தெனமும் சாணி தெளிக்கிறீகளே... அதோட இது ஒண்ணு!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

தெரு அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து பேசினேன். நாய் உங்களுடையது, தோட்டமும் உங்களுடையது, அசிங்கம் மட்டும் அடுத்தவனுக்கா என்று கேட்டேன். "எம்.ஏ. படிச்ச ஆளு, நாய்ப்பீக்கு மீட்டிங் போடுறாரு பாருங்கய்யா" என்றார் சார். கூட்டமே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை.

அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜானியை அவர் பழக்கிய விதம். குட்டியாக இருந்தபோது தோட்டத்தில் அது லேசாகக் குந்தினால் போதும், பேப்பரைச் சுருட்டித் தரையில் ஓங்கி அடித்து ஒரு அதட்டல் போடுவார். மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கே தூக்கிவாரிப்போடும். தோட்டம் என்றால் கோயில் என்று அந்த நாய்க்கு நன்றாக ஏறிவிட்டது.

போன வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். அப்போதுதான் தெரிந்தது, அவர் பழக்கியதன் லட்சணம்.

சாரின் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மூட்டுவலி. ஜானி இழுக்கிற இழுப்புக்குத் தெருவில் நடக்க முடியாது. தோட்டத்தில் அவிழ்த்துவிட்டார்கள். அது போகவில்லை. ஒரு பகல், ஒரு இரவு... அடக்கிக்கொண்டே கேட்டில் மூக்கை வைத்து முனகியது. வயிறு கல் மாதிரி ஆகிவிட்டதாம்.

மறுநாள் அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "தம்பி, பழச மனசுல வச்சுக்கிடாதீக. உங்க கேட்டுப் பக்கமாச்சும் கூட்டிட்டுப் போங்க. செத்துக்கித்துப் போயிருமோன்னு பயமா இருக்கு."

பழசை மனதில் வைத்துக்கொள்ளாமல் எல்லாம் இல்லை. இன்று கூட்டிப் போனால் ஆயுசுக்கும் நான்தான் கூட்டிப் போக வேண்டும் என்பதும் தெரியும்.

மண்வெட்டியை எடுத்தேன். என் கேட் ஓரத்தில் அது வழக்கமாக உட்காரும் இடத்தில், நாற்றம் பிடித்த மண்ணை ஒரு சட்டி நிறைய வெட்டி எடுத்தேன். கொண்டுபோய் அவர் தோட்டத்தில் கொட்டினேன்.

ஜன்னல் வழியாகக் கட்டிலிலிருந்து குரல். "ஏய்... எங்கன கொட்டுறீக? அது சாமிக்குப் பறிக்கிற செம்பருத்தி!"

"சாமி பொறுத்துக்கிடும் சார். நாய் பொறுக்காது."

ஜானி வந்தது. மோந்தது. சுற்றிச் சுற்றி வந்தது. காலைத் தூக்கப் போய், சட்டென்று நிறுத்தி ஜன்னலைப் பார்த்தது.

மூன்று பேரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா மெதுவாக, "சொல்லுங்களேன்..." என்றார்.

"ஏலே ஜானி... போடா. இங்கனயே போயிக்கோ. ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்."

ஒரு நாய் அவ்வளவு நேரம் மூத்திரம் பெய்து நான் பார்த்ததில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அடிவயிறு லேசானது போலிருந்தது.

நன்றி என்று அவர் சொல்லவில்லை. "உங்க வீட்டு மண்ணுக்குத்தான்யா மவுசு" என்றார். "எல்லாம் நீங்க போட்ட உரம்" என்றேன். பல வருடங்களுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது அதுதான்.

அன்றிலிருந்து ஜானிக்குச் செம்பருத்திச் செடியடிதான். சாமிக்கு நந்தியாவட்டை. என் வாசலில் கோலம் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கிறது.

நேற்று எல்லாம் முடிந்து வந்த பிறகு, அவர் மகன் ஆரம்பித்தான். "ஜானிய மயிலாடும்பாறைத் தோட்டத்துல விட்ருவோம்மா. நீ எப்படி அதக் கூட்டிக்கிட்டு அலைவ?"

வயதான நாய். சொந்த வீட்டைத் தவிர எதுவும் தெரியாது. நான் வெளியாள், வாயைத் திறக்க முடியாது.

"எங்கடா அலையப் போறேன்?" என்றார் அக்கா. "அதுபாட்டுக்குச் செடியடில போயிட்டு வந்து படுத்துக்கிருது. அப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காக."

"சரிம்மா" என்று மகன் எழுந்து போனான்.

நாயும் தோட்டமும் வைத்திருப்பவர்களே, தோட்டத்தை நாய்க்கும் கொஞ்சம் விடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

போய் வாருங்கள் சார். ஜானி வீட்டில்தான் இருக்கிறது.

இதைத் தெரு அசோசியேஷனின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுகிறேன். பெயர் போட்டால், சண்டை போட்டவனே அழுகிறான் பார் என்பார்கள். நான் அழவில்லை... நிம்மதியாக இருக்கிறது, அவ்வளவுதான். பெயர் வேண்டாம்.