நூலால் அளந்த ஸ்லாட்

வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு. வைஃபை இல்லை. மகளின் ஆன்லைன் வகுப்புக்குப் புதுசு வாங்கச் சொன்னார்கள் எல்லோரும்.

செருப்புக்குக் கால் அளப்பதுபோல், உள்ளே கார்டு செருகக் காலியாக இருந்த ஸ்லாட்டை நூலால் அளந்துகொண்டு இன்று மாத்தளைக்குப் போனேன்.

கடைக்கார நானா சிரித்துவிட்டார். "நூலுக்கு நீளம்தான் தெரியும் தம்பி, எந்த வகைன்னு தெரியாதே. வீட்டுல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

மனைவி அனுப்பினாள். பார்த்துவிட்டு ஒரு வைஃபை கார்டை எடுத்தார். செருகும் முனை சுண்டுவிரலில் பாதிதான்.

"ஸ்லாட் இதைவிட ரொம்பப் பெருசு நானா!"

"வகை ஒண்ணுதான். சின்னது பெருசுல வேலை செய்யும். பெருசுதான் சின்னதுல போகாது. போட்டுப் பாருங்க, சரிவரும்."

சரிவந்தது. மகள் இப்போது வகுப்பில் இருக்கிறாள்.

நூலை இன்னும் எறியவில்லை. வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வந்து அளந்து தருகிறேன்.