மல்லாட்டைப் பொட்டலமான கட்டுரை

என் மருமகள் திண்டிவனத்தில் கல்லூரியில் இதழியல் படிக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதவும் சொல்லித் தருகிறாள். நான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறேன். ஒருநாள் வீட்டில் சிவப்புக் கோடாகக் கிடந்த தாள்களைப் பொட்டலம் மடிக்க எடுத்துப்போய்விட்டேன்.

மருமகள் ஓடி வந்தாள். "அத்தை, அது என் கூட்டாளி எழுதின கட்டுரைங்க! நாளைக்குக் குடுக்கணும்!"

"ஒரே சிவப்பா இருந்துச்சேம்மா. பெயிலான பேப்பர்னு நெனச்சிக்கினேன்."

"பெயிலு இல்ல அத்தை. இங்கெல்லாம் இன்னும் வெவரமா சொல்லுன்னு கோடு போட்டேன்."

ஒரு தாள் பொட்டலமாகிப் புதுச்சேரி பஸ்ஸில் ஏறியிருந்தது. பஸ் கிளம்புமுன் ஓடி, மல்லாட்டையை வாங்கியவர் மடியில் கொட்டிவிட்டுத் தாளை மீட்டேன்.

இப்போதெல்லாம் அவளைக் கேட்காமல் எந்தத் தாளையும் தொடுவதில்லை. பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தக் கடிதத்திலும் மூன்று இடத்தில் சிவப்புக் கோடு போட்டாள். பெருமையாகத் திருப்பி எழுதினேன்.