அரைக்கட்டை இறக்கி

பத்துபகாட் ஊரில் கமாருல் பள்ளி வேன் ஓட்டுகிறான். காலைச் சவாரிக்கும் மதியச் சவாரிக்கும் நடுவில் வேனை ஆற்றோரம் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு பாடுவான். எல்லாம் ‘காராங் அப்பி’ ராக் குழுவின் பாட்டுகள்தான். அந்தக் குழுவின் பாடகர் ஜம்ரி உயிரோடு இருந்தவரை அவரிடம் இவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. பதினாறு வயதில் திடல் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு கேட்டதோடு சரி. அவர் இறந்த பிறகு, நினைவுநாளில் பாட ஊர் ரசிகர்கள் இவனைத்தான் பிடித்தார்கள். பாட்டின் உச்சியில் ஜம்ரி இழுக்கும் வீறல் வேறு எவருக்கும் எட்டவில்லை.

“வீட்டுல கூப்பிட்டா ஒரு பதில் வராது. மேடை ஏறுனா மட்டும் ஊரே கேக்குது,” என்பாள் மனைவி நொரைனி.

இந்த ஆண்டு ஜம்ரியின் மனைவி ரொஹாயா வருவதாகச் சொல்லியனுப்பினார். இதற்கு முன் அவர் வந்ததே இல்லை. போன வருடம் வேறோர் ஊரில் எவனோ பொய்முடி வைத்து, கடைசிக் காலத்து ஜம்ரியைப் போலவே தள்ளாடிப் பாடியதை யாரோ கைபேசியில் அவரிடம் காட்டிவிட்டார்கள். “நேர்ல வந்து கேக்கறேன். மனசு ஒப்பலேன்னா பாட்டெல்லாம் இதோட போதும். ஓதுறதோட நிறுத்திக்குங்க,” என்றிருந்தார். அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சு பேச யாருக்கும் வாய் வராது.

வழக்கம்போல் காலையில் ஜம்ரிக்காகக் குர்ஆன் ஓதி, கஞ்சி குடித்துவிட்டு எல்லாரும் மண்டபத்துக்கு வந்தார்கள். நரைத்த நீள முடிகள், ஜம்ரியின் முகம் அச்சிட்ட பழைய கறுப்புச் சட்டைகள்.

“மெதுவா மூச்சு விடுண்ணே. ஒன் வயித்துல அவர் மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிடுச்சு,” என்று யாரோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கமாருலுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வரிசையில் ரொஹாயா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த கிட்டார்காரன் ஜெப்ரி சிங்கப்பூரில் இரவு வேலை முடித்துப் பாலம் கடந்து நேராக வந்திருந்தான். சேர்ந்து ஒருமுறைகூடப் பாடிப் பார்க்கவில்லை. “எத்தன வருசமா வாசிக்கிற பாட்டு லா,” என்று தோளைக் குலுக்கிவிட்டான்.

முதல் வரியிலேயே கமாருலின் தொண்டை எச்சரித்தது. பாட்டு உயரத்தில் இருந்தது. ஜெப்ரி பழைய கேசட்டின் சுருதிக்குக் கம்பிகளைக் கட்டியிருந்தான். கமாருல் வேனில் பாடிப் பழகியது ஜம்ரியின் கடைசிக் கச்சேரிகளின் பதிவுகளோடு. அவை சுருதியில் அரைக்கட்டை கீழே. கேட்பவர்களுக்கு அது ஒரு மயிரிழை. ஆனால் ஐம்பதைத் தொடும் தொண்டைக்கு மலை.

ஜெப்ரியைப் பார்த்தான். அவன் கண்மூடி வாசித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் சரணம் முடிந்தால் வீறல். அங்கே குரல் உடைந்தால், பொய்முடிக்காரனுக்கும் தனக்கும் ரொஹாயாவின் கண்ணில் வித்தியாசம் இருக்காது. நடுவில் நிறுத்தினால் அது அதைவிட அவமானம். சரணத்தின் கடைசி வரி வந்துவிட்டது. கமாருல் கையைத் தூக்கினான்.

கிட்டார் நின்றது. டிரம் இரண்டு அடி தள்ளாடி ஓய்ந்தது.

“என்னண்ணே?”

“அரைக்கட்டை எறக்கு.”

“கேசட்டுல இப்பிடித்தானே…”

“கேசட்டுல சரி. கடைசி ரெண்டு வருசம் அவரு எறக்கித்தான் பாடுனாரு. எறக்கு.”

மைக் அவன் வாயருகிலேயே இருந்தது.

அவன் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. ஜம்ரியின் தொண்டை கெட்டபோது குழுவினர் சத்தமில்லாமல் கம்பிகளைத் தளர்த்தினார்கள். வீட்டில் கச்சேரிப் பதிவுகளோடு கூடவே வாசித்துப் பார்த்த ரசிகர்களும் தங்கள் கிட்டாரைத் தளர்த்திக்கொண்டார்கள். ஒருவர் இன்னொருவரிடம்கூடச் சொல்லவில்லை. காப்பிக் கடையில் பேச்சு வந்தால், “கொரல் அப்பிடியேதான் இருக்கு லா,” என்பார்கள்.

ரொஹாயா எழுந்து மேடையருகே வந்தார். கமாருல் குனிந்தான்.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“இவங்களுக்கெல்லாம்?”

“கிட்டார் வச்சிருந்தவங்க எல்லாருக்கும் தெரியும்.”

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“யாராச்சும் கண்டுபுடிச்சிருவாங்களோன்னு ஒவ்வொரு தடவையும் மேடைக்குப் பின்னால வாந்தி எடுப்பாரு. நான்தான் முதுகைத் தடவிக் குடுப்பேன். ஒருத்தராவது வந்து, ‘பரவால்லண்ணே, தெரியும், பாடுங்க’ன்னு சொல்லியிருக்கக் கூடாதா?”

அன்பு என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் எல்லாரும் வாயை மூடியிருந்தார்கள்.

ஜெப்ரி கிட்டாரின் முறுக்காணியில் கை வைத்தபடி நின்றான்.

“நீ ஏன் நின்னுட்ட? எறக்கு,” என்றார் ரொஹாயா.

ஒவ்வொரு கம்பியாகச் சுருதி இறங்குவதை மண்டபம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இருக்கைக்குப் போகவில்லை. கமாருல் விட்ட இடத்திலிருந்து தொடராமல், பாட்டை முதலிலிருந்து எடுத்தான். வீறல் வந்தது. ஜம்ரியைப் போல இல்லை, கொஞ்சம் கரகரத்தது. ஆனால் உடையவில்லை.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. ரொஹாயாவின் வாயையே பார்த்தார்கள்.

“அடுத்த வருசம் பாடறதுக்கு முன்னால சொல்லிரணும்,” என்றார். “அரைக்கட்டை எறக்கிப் பாடறோம், அவரும் அப்பிடித்தான் பாடுனாருன்னு. மைக்கில, சத்தமா.”