கொக்கிலமேட்டுக் கடலுக்கு ஏற்ற நூல்

ஞாயிறு காலை ஐந்தே முக்கால் மணி, கூடுவாஞ்சேரி ரயில் நிலையம். தலைக்குப் பத்து ரூபாய் டிக்கெட் எடுத்துக்கொண்டு நானும் எங்கள் வீட்டுக்காரரும் செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறினோம். என் கையில் இட்லிப் பொட்டலம், அவர் கையில் ஏழடித் தூண்டில் ராடு. கதவோரம் நின்றிருந்த ஒருவர் அதை மேலும் கீழும் பார்த்து, "இன்னாண்ணா, ஒட்டடைக் குச்சியா?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மீன் புடிக்கப் போறோம்" என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் படாளத்துக்காரர்கள். எங்கள் பரம்பரையில் ஏரி கெண்டையைத் தவிர வேறு மீனை உயிரோடு பார்த்தவர் கிடையாது.

முப்பது வருடம் லாரித் தொழில் செய்தவர் இவர். நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆன பிறகு கடைசி லாரியையும் விற்றுவிட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். அன்றைக்கு மூடிய வாயை மனிதர் திறக்கவே இல்லை. கேட்டால் ஒரு 'உம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன்தான் பொறுக்கமாட்டாமல் ராடும் ரீலும் அனுப்பினான். நூலை மட்டும் இவரே வாங்கிச் சுற்றிக்கொண்டார். மூன்று முறை கடற்கரைக்குப் போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினார். இன்று கிளம்பும்போதே, "இன்னிக்கும் ஒண்ணும் ஆவலன்னா இந்தக் குச்சிய வித்துடலாம் சரசு" என்று சொல்லிவிட்டார். மறுபடியும் டிவி முன்னால் அந்த நாற்காலியில் இவரைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் கூடவே புறப்பட்டேன்.

செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி ரயிலோடு கொஞ்ச தூரம் கூடவே வந்தது. தண்ணீர் நிறைந்து, மலைகள் அதில் தலைகீழாகத் தெரிந்தன. எத்தனையோ முறை பார்த்ததுதான். இன்றும் கண் கொள்ளவில்லை. நிலையத்துக்கு வெளியே மாமல்லபுரம் போகும் சாதாரணப் பேருந்து தயாராக நின்றது. பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்குக் காசு கிடையாது, இவருக்கு மட்டும் இருபத்திரண்டு ரூபாய். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர். வழியெல்லாம் நெல்வயல், நடுநடுவே மனைப்பிரிவுக் கொடிகள். "ராடை மடக்க முடியாதா சார்?" என்று நடத்துநர் கேட்டதற்கு இவர் 'உம்' என்றார்.

ஏழரை மணிக்கு மாமல்லபுரம். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை ஒன்று இருக்கிறது. நூலைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இவரை இழுத்துக்கொண்டு போனேன். கடை முதலாளியம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தார். ரீலை வாங்கிப் பார்த்ததும் ஃபோனை வைத்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, கப்பலக் கட்டி இழுக்கப் போறீங்களா?"

"பெரிய மீனு மாட்டுனா தாங்கணுமே" என்றார் இவர்.

இவர் சுற்றி வைத்திருந்தது எழுபது நம்பர் தங்கூசி. நைலான் நரம்பை இந்தப் பக்கம் தங்கூசி என்பார்கள். முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த தடிமன். கையாலேயே வீசி இழுக்கும் தூண்டிலுக்கு அது சரி. இந்தச் சின்ன ரீலில் சுற்றினால் சுருள் சுருளாகத் துள்ளி வெளியே வந்துவிடும், வீசினால் காலடியிலேயே விழும். மூன்று முறையும் நடந்தது அதுதான். லோடு கட்டிப் பழகியவருக்குக் கயிறு தடியாக இருந்தால்தான் தூக்கம் வரும்.

முதலாளியம்மா நூல் சுற்றும் ஸ்பூலின் விளிம்பைத் திருப்பிக் காட்டினார். "இங்கயே எழுதிகீது பாருங்க. முப்பது நம்பரு, நூத்தம்பது மீட்டரு. இதுக்கு மேல போனா ரீலு ஒத்துக்காது."

"அது தலமுடி மாதிரி இருக்குமே. இன்னாத்த தாங்கும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, வண்டியில எழுதுன லோடுக்கு மேல ஒரு மூட்ட ஏத்துனா டிரைவருங்கள அந்தத் திட்டு திட்டுவீங்க. இதுலயும் லோடு எழுதித்தான கீது? இத மட்டும் படிக்க மாட்டீங்களா?" என்றேன்.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு இன்னொரு தரமும் படித்தார். பிறகு, "சரி, நீயே குடும்மா" என்றார்.

அந்த அம்மா உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. எங்கே நிற்பீர்கள், மணலிலா கல் மேலா, எந்த மீனுக்கு என்று விசாரித்தார். கொக்கிலமேட்டில் கல் மேல் நின்று கொடுவாவுக்கு என்றதும், பச்சை நிறத்தில் ஒரு நூலை எடுத்து வைத்தார். பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நூல், நூற்றைம்பது மீட்டர் அறுநூற்று எண்பது ரூபாய். தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன், ஒன்பது கிலோ தாங்குமாம். இவர் இழுத்துப் பார்க்கப் போனார். "வெறுங்கையில சுத்திகினு இழுக்காதீங்க, வெரல் அறுத்துக்கும்" என்று முதலாளியம்மா தடுத்தார்.

அவர் சுற்றிய விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நேராகச் சுற்றினால் பிரெய்டு ஸ்பூலில் வழுக்குமாம். அதனால் அடியில் கொஞ்சம் மெல்லிய தங்கூசி. அதோடு பிரெய்டை முடிந்து, ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்றி, விளிம்புக்கு ஒரு நூலளவு கீழேயே நிறுத்திவிட்டார். "கல்லுல ஒரசுனா பிரெய்டு பூடும்" என்று சொல்லி நுனியில் தடித்த தங்கூசி இரண்டு பாகம் சேர்த்தார். இரு கைகளையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். அதற்குத் தனியாகத் தொண்ணூறு ரூபாய். ஒரு ரீலுக்குள் மூன்று நூல், மூன்றுக்கும் தனித்தனி வேலை. எனக்கு அந்த அம்மாவை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒன்பது மணிக்கு முன்பே கொக்கிலமேடு வந்துவிட்டோம். ஆட்டோவுக்கு நூற்று இருபது ரூபாய். கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி நீட்டியிருக்கும் தூண்டில் வளைவின் முனையில், அணுபுரம் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர் ஏற்கெனவே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இவர் கொக்கி வைத்த பிளாஸ்டிக் மீனை இரையாக மாட்டி, ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினார். நூல் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. பிளாஸ்டிக் மீன் எங்கோ தொலைவில் பொட்டென்று விழுந்தது. இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அறுவது மீட்டரு போயிருக்கும் இல்ல?"

"நாப்பது" என்றேன்.

வெயில் ஏறி, நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில்தான் ரீல் கிறீச்சிட்டது. ராடு வளைந்து நுனி தண்ணீரைப் பார்த்தது. இவருடைய கை தானாக ரீலின் தலையில் இருக்கும் திருகுக்குப் போயிற்று. அதுதான் டிராக், அதை இறுக்கினால் நூல் ஓடாது.

"இறுக்காதீங்க சார், ஓட வுடுங்க" என்றார் அணுபுரத்துக்காரர். "அது களைச்சுப் போவட்டும்."

முப்பது வருடம் இறுக்கிக் கட்டியே பழகிய கை அது. திருகின் மேல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு விலகியது. மீன் ஓடியது, இவர் விட்டார். அது நின்றபோது சுற்றினார். மறுபடி ஓடியது, மறுபடி விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருமுறை மீன் தண்ணீருக்கு மேலே துள்ளியது. வெள்ளி நிறக் கொடுவா. ஒன்றரைக் கிலோ, மிஞ்சினால் இரண்டு. கல்லருகே வந்து நூல் பாறையில் உரசியது. தடித்த தங்கூசி தாங்கிக்கொண்டது. அணுபுரத்துக்காரர் கை வலையோடு குனிந்தார். மீன் தலையை ஒரு உதறு உதறியது, போய்விட்டது.

நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் நிதானமாக நூலைச் சுற்றி எடுத்து, நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நூலு அறுந்து போவல சரசு. கொக்கிதான் நிமிந்துகினுச்சு." சிரித்துவிட்டார். "வர்ற ஞாயித்துக்கெயம அந்தம்மாகிட்ட நல்ல கொக்கியா வாங்கிக்கலாம்."

மதியம் இரண்டு மணிப் பேருந்தில் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. நான் முன் இருக்கையில், இவர் எனக்குப் பின்னால். பூஞ்சேரியில் ஏறிய ஒரு இளைஞர் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மீனு எதுனா மாட்டுச்சாண்ணா?" என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்தது. ஸ்பூல் விளிம்பில் என்ன எழுதியிருக்கும், பிரெய்டு ஏன், அடியில் தங்கூசி ஏன், டிராக்கை ஏன் இறுக்கக்கூடாது, ஒன்றுவிடாமல் சொன்னார். எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

தப்பிப்போன கொடுவா பூஞ்சேரி தாண்டும்போது மூன்று கிலோ இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் நான்கு ஆயிற்று. செங்கல்பட்டு வந்து இறங்க எழுந்தபோது ஐந்து. முன்னால் இருப்பது தன் மனைவி என்று இவர் பேச்சோடு சொல்லியிருந்தார். இளைஞருக்குச் சந்தேகம் வந்து, என் பக்கம் குனிந்து கேட்டார்.

"அக்கா, மெய்யாலுமே அஞ்சு கிலோவா?"

பின்னால் இவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சுக்கு மேலயே இருக்கும்பா" என்றேன். "நாந்தான் பார்த்துகினு இருந்தேனே."